கேள்வி பதில்: நெட்வொர்க் கேபிளும் 100 மீட்டர் கணக்கும்

கேள்வி: டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. ஆனால் லிங்க் விட்டுவிட்டு வருகிறது. இரு முனையிலும் பச்சை, ஆரஞ்சு, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அடித்திருக்கிறேன்.

பதில்: அந்த வரிசைதான் கோளாறு. பிளக்கின் 3-ம் 6-ம் பின்களில் போகும் வயர்கள் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். உங்களுடையதில் 3-ல் ஆரஞ்சு ஜோடி, 6-ல் நீல ஜோடி. சேர்ந்து முறுக்கிய இரண்டு வயரில் சிக்னல் போனால்தான் இரைச்சல் ரத்தாகும். சாதாரண டெஸ்டர் கரண்ட் போகிறதா என்று மட்டுமே பார்க்கும், ஜோடியைப் பார்க்காது. இரு முனையையும் வெட்டிவிட்டு 568பி என்ற நிலையான நிற வரிசையில் அடியுங்கள்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். பிளக்கின் பிடிப்பு வெளியுறையைக் கவ்வ வேண்டும், வயர்களை அல்ல.

கேள்வி: கிகாபிட் போர்ட் 100 எம்பிபிஎஸ் வேகத்திலேயே நிற்கிறது.

பதில்: பெரும்பாலும் 4, 5, 7, 8 பின்களில் ஏதோ ஒன்று தொடவில்லை. 100-க்கு 1, 2, 3, 6 போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையை மாற்றி அடியுங்கள். முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்குள், மறக்காதீர்கள்.

கேள்வி: 110 மீட்டர் இழுக்கலாமா?

பதில்: கூடாது. சுவருக்குள் 90, இருபக்கப் பேட்ச் கார்டும் (சாதனத்தோடு இணைக்கும் குட்டைக் கேபிள்) சேர்த்து 10, மொத்தம் 100 மீட்டர்தான்.

கேள்வி: எனக்கு 130 மீட்டரில் ஓடுகிறதே! இரண்டு சாதனங்கள் ஒரே நேரத்தில் அனுப்பும்போது வரும் சிக்னல் மோதலைக் கண்டறியும் நேரத்துக்காக வைத்த எல்லைதானே அந்த 100? ஸ்விட்ச் வந்தபின் எதற்கு?

பதில்: இரண்டு எல்லைகளைக் குழப்புகிறீர்கள். மோதலுக்கான எல்லை ஹப் (வரும் சிக்னலை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும் பழைய பெட்டி) வைத்த முழு நெட்வொர்க்குக்கானது: 100 எம்பிபிஎஸ்ஸில், இரண்டு ஹப்போடு 205 மீட்டர். ஸ்விட்சோடு ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்புவதும் பெறுவதும்) வந்ததும் அது போனது. அதனால்தான் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் (ஒளி இழைக் கேபிள்) 412 மீட்டரிலிருந்து 2 கிலோமீட்டருக்குத் தாவியது. செம்பு மட்டும் 100-லேயே நின்றதே, ஏன்? சிக்னல் தேய்வும் ஜோடிகளுக்கிடையே கசிவும் ஃபுல் டூப்ளெக்ஸால் மாறுவதில்லை. உங்கள் ஸ்விட்சில் அந்தப் போர்ட்டின் சிஆர்சி பிழை எண்ணிக்கையை (கெட்டுப்போய் வந்த தரவின் கணக்கு) பாருங்கள். கூரைக்கடியில் கேபிள் சூடானால் தேய்வு இன்னும் கூடும்.

கேள்வி: நல்ல கேட்6 தரக் கேபிள் வாங்கினால் 120 மீட்டர் இழுக்கலாமா?

பதில்: மேலே சொன்னதேதான், 100. 10 கிகாபிட் என்றால் கேட்6-க்கு 55 மீட்டர்கூட உறுதியில்லை, நெருக்கிக் கட்டினால் 37-தான். 10 கிகாபிட்டில் 100 மீட்டர் வேண்டுமானால் அதைவிட உயர்ந்த தரமான கேட்6ஏ.

கேள்வி: செம்பு பூசிய அலுமினியக் கேபிளில் பிஓஇ கேமரா (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் பெறுவது) போடலாமா?

பதில்: வேண்டாம். மின்தடை அதிகம், சூடாகும், தூரத்துக் கேமரா இரவு விளக்கு எரியும்போது ரீஸ்டார்ட் ஆகும். முழுச் செம்பு வாங்குங்கள்.

கேள்வி: இரு கட்டடங்களுக்கு நடுவே 105 மீட்டர்?

பதில்: ஃபைபர். மின்னலிலிருந்து பாதுகாப்புக்கும் அதுவே நல்லது.