ஆச்சியின் டிரங்குப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆச்சி காலமான பிறகு அவர்களுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பழைய கிறிஸ்துமஸ், பொங்கல் வாழ்த்து அட்டைகளும், கத்தரித்து உடை மாட்டி விளையாடும் காகிதப் பொம்மைகள் சிலவும் கிடைத்தன. இவற்றின் வயதை எப்படி அறிவது? லேமினேட் செய்தால் கெடாமல் இருக்குமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் உருகும் பசை தாளோடு ஒட்டிவிட்டால், தாளுக்குச் சேதமில்லாமல் அதைப் பிரிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஜிகினா தூவிய பொங்கல் அட்டை ஒன்றை நானே ஒரு கடையில் கொடுத்து அப்படிச் செய்து வாங்கினேன். கரும்பின் மேலும் பானையின் மேலும் மின்னிக்கொண்டிருந்த தூள் நசுங்கிச் சாம்பல் பூத்ததுதான் மிச்சம்.

வயதை அறிய, படத்தை விட்டுவிட்டு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. தபால்தலையில் நயா பைசா என்றிருந்தால் 1957-இலோ அதற்குப் பிறகோ அனுப்பியது. அணா என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. வெளிநாட்டு அட்டைகளில் பின்புறத்தின் நடுவே கோடு போட்டு, ஒரு பாதியைச் செய்திக்கும் மறு பாதியை முகவரிக்கும் ஒதுக்கும் வழக்கம் பிரிட்டனில் 1902-இலும் அமெரிக்காவில் 1907-இலும்தான் வந்தது. அதற்கு முன் பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியது என்பதால், படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதிய வாழ்த்தைக் கண்டால் அது அந்தக் காலத்து அட்டையாக இருக்கலாம். முத்திரைத் தேதி அனுப்பிய நாளைத்தான் சொல்லும், அச்சிட்ட நாளை அல்ல. ஆனாலும் அதைவிட உறுதியான சான்று கிடைப்பது அரிது, ஆகவே தபால்தலையை நீரில் ஊறவைத்து உரிக்க வேண்டாம்.

காகிதப் பொம்மைகளை லண்டனில் 1810-லேயே உடைகளோடு விற்றிருக்கிறார்கள். பின்னாளில் அங்கிருந்த ராஃபேல் டக் நிறுவனம் பொம்மை, வாழ்த்து அட்டை இரண்டையும் அச்சிட்டது. ஓவியர்கள் படத்தை நிறுத்தி வரையும் தாங்கியும் வண்ணத்தட்டும் அதன் வணிக முத்திரை. கத்தரிக்காத முழுத்தாளுக்கே சேகரிப்பாளரிடம் மதிப்பு அதிகம். கத்தரித்தவை என்றால், உடையின் தோளில் மடிக்கும் சிறு காகித நாக்குகள் முழுமையாக உள்ளனவா என்று பாருங்கள். ஒன்று கிழிந்திருந்தாலும் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும்.

ராமபாணப் பூச்சிக்கும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கும் பயந்து ரசகற்பூர உருண்டையை அட்டைகளின் மேலேயே போடுவது நம் வீடுகளில் வழக்கம், அதுவும் வேண்டாம். நெடி அடிக்கும் பி.வி.சி. உறையைத் தவிர்த்து, பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொன்றாக இட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்து அட்டைகள் சேகரிக்கத் தகுந்தவையா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: தாராளமாக. உங்கள் ஊரில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவின் நாள்காட்டிப் படங்களைத் தேடி வாங்குகிறவர்கள், வாழ்த்து அட்டையைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போடுவது எனக்கு விளங்கவில்லை. அடி ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தால், அதையும் கிடைத்த இடத்தையும் தனிச் சீட்டில் குறித்து உறைக்குள் வையுங்கள். அட்டையின் மேல் பேனா படக்கூடாது.