பால் போதுகிறதா? டயப்பரை எண்ணுங்கள்

தாய்ப்பால் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: குழந்தை பிறந்து நான்கு நாளாகிறது. பிறந்தபோது 3.2 கிலோ, இன்று 2.96. பால் ஊறின மாதிரியே தெரியவில்லை. பிள்ளை மணிக்கொரு தடவை அழுகிறான். "பால் பத்தலை, பால்மாவு கரைச்சுக் கொடு" என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?
– இளந்தாய், செங்காங்

பதில்: பதறவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். முதல் சில நாளில் பிறந்த எடையில் சுமார் 7 சதவீதம் குறைவது வழக்கம்தான். உங்கள் மகனுக்குக் குறைந்திருப்பது 240 கிராம், அதாவது 7.5 சதவீதம். பால்மாவு டின்னைத் திறப்பதற்கு முன்னால், பிள்ளை எப்படிக் குடிக்கிறான் என்பதைத் தாய்ப்பால் ஆலோசகரோ தாதியோ பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். குறைவு 10 சதவீதத்தைத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இழந்த எடையை இரண்டு வாரத்துக்குள் பிள்ளை மீட்டுவிட வேண்டும்.

முதல் நாள்களில் வருவது சீம்பால். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி கிடைத்தாலே நிறைவு. மஞ்சளாய், பிசுபிசுப்பாய் இருக்கும் அதில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் அடர்ந்திருக்கின்றன. பால் கட்டி மார்பு கனப்பது பெரும்பாலும் மூன்றாம் நான்காம் நாளில்தான். தலைப்பிரசவம், அறுவைசிகிச்சை, நீரிழிவு என்றால் இன்னும் ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பிள்ளை பால் கேட்பது இயல்பு. சில மணி நேரம் விடாமல் கேட்பதும் உண்டு. மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் அடுத்த பால் ஊறும், தேங்கினால் சுரப்பு மந்தமாகும். தேவையில்லாமல் ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால், அந்த வேளைக்கு ஊற வேண்டிய பாலும் குறைந்துபோகிறது.

போதுகிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க மார்பைப் பார்த்துப் பயனில்லை. டயப்பரைப் பாருங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையாமல் நன்றாக நனைய வேண்டும். "நன்றாக" என்றால் எவ்வளவு? காய்ந்த டயப்பரில் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள், அந்தக் கனம். மலம் தார் போன்ற கறுப்பிலிருந்து பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் கடுகு மஞ்சளுக்கு வந்துவிட வேண்டும். நான்காம் நாளுக்குப் பிறகும் செங்கல் பொடி நிறத்தில் கறை படிந்தால் பால் போதவில்லை என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம்.

மருத்துவர் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். முதலில் மார்பு, பிறகு நீங்கள் பீய்ச்சிய பால், அதுவும் போதாவிட்டால் மட்டும் பால்மாவு. அதைக் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் மார்பையும் பம்ப் செய்துவிடுங்கள். டயப்பர் கணக்கு எழுதும் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துப் பாருங்கள். எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிந்தால் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

கேள்வி: பால் கொடுக்கும்போது உயிர் போகிற வலி. காம்பு வெடித்துவிட்டது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்களே?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முதல் வாரத்தில், பிள்ளை வாய் வைத்த முதல் அரை நிமிடம் சுருக்கென்று இருக்கலாம். குடித்து முடிக்கிறவரை வலித்தால் பிடிப்பு சரியில்லை. குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறது. அதன் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், கழுத்து திரும்பியிருக்கக் கூடாது. மூக்குக்கு நேராகக் காம்பை வைத்து மேலுதட்டில் தடவுங்கள். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறந்ததும் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக் குனிந்தால் முதுகுவலிதான் மிச்சம். தாடை மார்பில் அழுந்தி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கம் அதிகமாகத் தெரிந்தால் பிடிப்பு சரி. குடித்து முடித்ததும் காம்பின் நுனி புதிய லிப்ஸ்டிக்கைப் போல் சாய்வாக நசுங்கியிருந்தால் பிடிப்பு தவறு. சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு உறிஞ்சலை விடுவித்து மறுபடி தொடங்குங்கள், அப்படியே இழுக்காதீர்கள்.

மார்பில் ஒரு பகுதி சிவந்து கட்டியாகிக் காய்ச்சலும் அடித்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அழுத்தித் தேய்ப்பதும், "காலி செய்துவிடுவோம்" என்று மேலும் மேலும் பம்ப் செய்வதும் வீக்கத்தைக் கூட்டும். குளிர் ஒத்தடம் கொடுங்கள், பாராசிட்டமால் போடலாம். ஒரு நாளில் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். தாய்ப்பாலோடு ஒத்துப்போகும் ஆன்டிபயாட்டிக் இருக்கிறது.

கேள்வி: பேத்திக்கு மஞ்சள் காமாலை. காலை வெயிலில் காட்டி, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் இறங்கிவிடும் என்று நான் சொன்னால் மகள் கேட்கமாட்டேன் என்கிறாள்.
– பாட்டி, ஈசூன்

பதில்: மகள் சொல்வதுதான் சரி, அம்மா. மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் மலத்தில்தான் பெரும்பங்கு வெளியேறுகிறது. பால் குடித்தால் மலம் போகும். தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைத்துவிடும், அதனால் காமாலை ஏறத்தான் செய்யும். ஆறு மாதம் வரை சாதாரணத் தண்ணீரும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. வெயிலில் காட்டுவது மருத்துவமனையின் நீல ஒளி சிகிச்சைக்கு ஈடாகாது; தோல் வெந்து, உடலில் நீர் வற்றும் ஆபத்துதான் அதிகம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொன்ன தேதியில் தவறாமல் அளவு பார்த்துவிடுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்க எழாமல் துவண்டாலோ, மலம் வெளிறி வந்தாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அது குறைந்தால் சில பொருள்கள் பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை ஏறும். இருப்பதாகச் சொன்னால் வீட்டில் அந்துருண்டை இருக்கவே கூடாது. அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய குழந்தைத் துணியை எடுத்துப் பிள்ளைக்கு உடுத்திவிடுவதில்தான் பல வீடுகள் கோட்டைவிடுகின்றன. தாய் சாப்பிடும் மருந்தையும் மருத்துவரிடம் கேட்டே சாப்பிட வேண்டும்.

கேள்வி: பத்தியத்தில் தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டுமா? பால் ஊற சுறாப்புட்டு தினமும் சாப்பிடலாமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், தடை ஏதும் இல்லை. பூண்டு, முருங்கைக்கீரை, மிளகு ரசம் எல்லாம் நல்ல சாப்பாடு. சுறாதான் சிக்கல். பெரிய மீன்களைத் தின்னும் மீன் என்பதால் அதில் பாதரசம் அதிகம், தாய்ப்பால் கொடுப்பவர்கள் தவிர்ப்பதே நல்லது. நெத்திலியிலும் மத்தியிலும் புட்டு செய்தால் ருசியும் குறையாது. லேபிள் இல்லாத லேகியமும் வேண்டாம், ஈயம் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: பதினாறு வாரப் பேறுகால விடுப்பு முடிகிறது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் இருப்பாள். எவ்வளவு பால், எப்படி எடுத்து வைப்பது?
– வாசகி, பொங்கோல்

பதில்: ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தை நாளைக்கு ஏறக்குறைய 750 மி.லி. குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு 300 முதல் 350 மி.லி. போதும். 100 மி.லி. வீதம் மூன்று புட்டி, அவசரத்துக்கு 50 மி.லி. ஒன்று. ஃபிரீசர் நிறையச் சேர்க்க வேண்டியதில்லை. மூன்று நான்கு நாளுக்கான பால் இருந்தால் நிம்மதி.

வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 15 நிமிடம் பம்ப் செய்யுங்கள். பால் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மார்பில் பொருத்தும் பம்பின் புனலை. அளவு பெரிதாக இருந்தால் கருவட்டமும் உள்ளே இழுபடும், சிறிதானால் காம்பு உரசும். ரப்பர் வால்வு தளர்ந்தாலும் இழுவிசை போய்விடும், அதை அவ்வப்போது மாற்றுங்கள். பூட்டும் மின்செருகியும் உள்ள அறையை விடுப்பு முடியும் முன்பே மேலாளரிடம் கேட்டு வையுங்கள். கழிவறையில் உட்கார்ந்து பால் எடுக்க யாரும் சம்மதிக்க வேண்டியதில்லை.

எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரையுள்ள அறைக்கான கணக்கு. குளிர்சாதனம் போடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அதை நம்ப வேண்டாம், உடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள். அங்கே நான்கு நாள், கதவில் அல்ல, உள்தட்டில். ஃபிரீசரில் ஆறு மாதம். உருகியது குளிர்ப்பெட்டியில் 24 மணி நேரம், மறுபடி உறைய வைக்கக் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்தில் புட்டியை வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் அங்கங்கே கொதிக்கவைத்து வாயைச் சுட்டுவிடும். பிள்ளை வாய் வைத்த புட்டியில் மீந்தது இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கொட்ட வேண்டியதுதான்.

உருகிய பாலில் சோப்பு வாடை வந்து பிள்ளை மறுத்தால் பால் கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம். பாலில் உள்ள லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பைச் சிதைப்பதால் வரும் வாடை அது. அடுத்த முறை எடுத்ததும் ஓரத்தில் சிறு குமிழி வரும்வரை சூடாக்கி, கொதிக்கவிடாமல் இறக்கி, உடனே குளிரவைத்து உறைய வையுங்கள். எடுத்து வைத்துவிட்ட பழைய பைகளைப் புதுப் பாலோடு கலந்து கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் குடித்துவிடும்.