டேபா ஸ்பேஸா: திறந்தமூலத் திட்டத்தில் இந்தச் சண்டையை எப்படி முடிப்பது?

கிளிநொச்சி அறிவியல்நகரில் படிக்கும் நீங்கள் சிலர், இரணைமடுக் குளத்து நீர்மட்டத்தைக் காட்டும் செயலியைப் பைதன் நிரல்மொழியில் எழுதுகிறீர்கள். வரியின் தொடக்கத்தில் இடம்விட நீங்கள் ஸ்பேஸ் போடுகிறீர்கள். டொரண்டோவிலிருந்து சேர்ந்தவர் டேப்தான் வேண்டும் என்று நிற்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி.

பொதுவாகப் பார்த்தால் இரண்டும் சரி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலில் டேப், அதுவும் 8 எழுத்து அகலம். பைதனுக்கு 2001இல் வந்த எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8 சொல்வது 4 ஸ்பேஸ். நீங்கள் எழுதுவது பைதன் என்பதால் 4 ஸ்பேஸையே எடுங்கள்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. ஒருவர் ஒரே ஒரு வரியைத் திருத்துவார். அவருடைய எடிட்டர் கோப்பு முழுவதையும் டேபாக மாற்றிவிடும். மாறிய வரிகளைக் காட்டும் டிஃப் முழுக்கச் சிவப்பும் பச்சையும். உண்மையில் மாறிய வரியை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கோட் மாற்றங்களைப் பதியும் கிட்டில், எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் பிளேமும் கெட்டுப்போகும்.

அதனால் கோட்டைத் தானாக ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் பிளாக் போன்ற ஒரு ஃபார்மட்டரைப் போட்டு, வரும் கோட்டைத் தானாகச் சோதிக்கும் சிஐயில் ஓடவிடுங்கள். கோ மொழிக்காரர் கோஃபம்ட் என்ற ஃபார்மட்டர் மூலம் செய்தது இதுதான். பழைய கோட் முழுவதையும் தனி கமிட்டில், அதாவது கிட்டில் தனியொரு பதிவாக, ஒரேயடியாக மாற்றுங்கள். 2019இல் வந்த கிட் 2.23 முதல் அந்தக் கமிட்டை பிளேமில் தவிர்க்கலாம்.

உங்கள் வாதத்தை வேறு இடத்துக்கு மிச்சம் வையுங்கள். கோட்டில் நீர்மட்டத்தை வைத்திருக்கும் மாறிக்கு (variable) 'மட்டம்' என்று மட்டும் பெயர் வைத்தால் அது அடியா மீற்றரா? இதை எந்த ஃபார்மட்டரும் பிடிக்காது, பிழையாகிவிட்டால் நீர்மட்ட எச்சரிக்கையே தவறாகப் போகும். அப்புறம், முல்லைத்தீவிலிருந்து முதல் தடவை கோட் அனுப்பும் மாணவியிடம் ஸ்பேஸ் பிழையை மனிதர் சொல்ல வேண்டாம், சிஐ சொல்லட்டும்.