முழங்கால் வலிக்கு எதை வாங்குவது?

கேள்வி: என் தாயாருக்கு 62 வயது, சர்க்கரை நோயும் உண்டு. ஓராண்டாக இரு முழங்கால்களிலும் வலி. பொருட்காட்சிக் கடையில் வாங்கிய மூலிகைப் பொடியைச் சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி மறைந்துவிட்டது. மூன்று மாதப் பொடிக்கு 7,500 ரூபாய் கேட்கிறார்கள். பிசியோதெரபி நிலையம் ஒன்றோ, 20 நாள் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தச் சொல்கிறது. எதை வாங்கலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மூன்றே நாளில் வலி போனதுதான் எனக்கு ஐயத்தைத் தருகிறது. இத்தகைய பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளைக் கலப்பது பழைய மோசடி. அவை வலியை விரைந்து அடக்கும், பசியைக் கூட்டும், கூடவே சர்க்கரையையும் ஏற்றிவிடும். ஆகவே தாயாரின் சர்க்கரை அளவை இன்றே பாருங்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் தாமாக நிறுத்திவிடாமல், பொட்டலத்துடன் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பொட்டலத்தைத் திருப்பியும் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், சேர்மானங்கள், காலாவதி தேதி, தயாரிப்பாளரின் முகவரி ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பச்சை இலைப் படமும் ‘பக்கவிளைவு இல்லை’ என்ற வரியும் அவற்றுக்கு ஈடாகா.

வலி எதனால் என்று தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். காலையில் மூட்டு விறைப்பு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்தாலோ, விரல் மூட்டுகளும் வீங்கினாலோ அது முடக்குவாதமாக (மூட்டுகளை வீங்கச் செய்யும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கலாம். அதற்கான சிகிச்சையே வேறு. வெறும் தேய்மானம்தான் என்று மருத்துவர் சொன்னால், முதலில் செலவிட வேண்டியது உடற்பயிற்சிக்குத்தான். நாற்காலியில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை வைத்திருப்பது போன்ற எளிய பயிற்சிகளுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. உடல் எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும்.

பூசுவதற்கு டைக்ளோஃபினாக் ஜெல் முழங்காலுக்கு ஓரளவு பயன் தரும். பெயர் பெற்ற நிறுவனத்தின் குழாயை மட்டும் தேடாமல், மக்கள் மருந்தகத்தில் அதே மருந்தின் விலையையும் கேளுங்கள். வலி மாத்திரைகளை நாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் கேடு. மூட்டுத் தேய்மானத்துக்கென விற்கப்படும் குளுக்கோசமைன் மாத்திரைக்கு நான் என் பணத்தைச் செலவிட மாட்டேன். அதன் பயன் உறுதியாக நிறுவப்படவில்லை.

பிசியோதெரபியை நாள்வாரியாகக் கட்டணம் செலுத்தித் தொடங்குங்கள். மின்கருவியை வைத்துவிட்டு அனுப்பிவிடுகிறார்களா, வீட்டில் செய்யும் பயிற்சியைக் கற்றுத் தருகிறார்களா என்பது இரண்டே அமர்வுகளில் தெரிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இச்சிகிச்சை இலவசம்.

வாத நோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அப்படித் துண்டறிக்கை தந்திருந்தால், அதையும் பொடியையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் ஒப்படையுங்கள். பணத்துக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ரசீது இருக்கிறதா என்பதுதான் அங்கே முதலில் எழும் கேள்வி.