பொழுதுபோக்கா செய்ற கேமுக்கு மத்தவங்க உதவிய எப்படி வாங்குறது?
சோர்ஸ் கோட தூக்கிப் போட்டுட்டு 'வாங்க'ன்னா யாரும் வரமாட்டாங்க, வேலைய துண்டு துண்டா பிரிச்சுக் கொடுக்கணும். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல நாங்க செய்ற ரப்பர் தோட்ட கேம் கோடோட்ங்கிற கேம் செய்ற சாஃப்ட்வேர்ல ஓடுது, அதுக்கு யாரும் எடுத்து மாத்திக்கிற எம்ஐடி லைசென்ஸ், காசே வேணாம். வசனத்த கோடுக்குள்ள புதைக்காம தனி சிஎஸ்வி ஃபைல்ல (அட்டவணை மாதிரி இருக்குற சாதா எழுத்து ஃபைல்) வெச்சிருக்கோம், அதனால பால்மரம் வெட்டுன (பட்டையக் கீறி ரப்பர் பால் எடுத்த) ஒரு பாட்டி சொல்லச் சொல்ல பேரன் ஃபோன்லயே திருத்தி அனுப்புறான், 'வெட்டுறதுக்கு முன்னாடி காஞ்ச ஒட்டுப்பால உரிச்சு எடுக்கணும், அத விட்டுட்டீங்க'ன்னு. இந்த மாதிரி உதவி புரோகிராமர்கிட்ட கெடைக்காது லா. பக் (கேம்ல வர்ற கோளாறு) சொல்றவங்ககிட்ட எந்த வெர்ஷன், எந்த ஃபோன், என்னத்த அமுக்குனீங்கன்னு கேளுங்க, போதும். படம், மியூசிக் கொடுத்தா கூட்டாளியாவே இருந்தாலும் லைசென்ஸ எழுத்துல வாங்கிருங்க. வெஸ்னோத்ங்கிற இலவச கேம் 2003லேருந்து பெரும்பாலும் வாலன்டியருங்களாலதான் ஓடுது, அங்கயும் வர்றதையெல்லாம் அப்படியே சேத்துக்கிறதில்ல.