புது நாட்டில் எதிலும் மனம் ஒட்டவில்லை. இது மனச்சோர்வா, என் பலவீனமா?

வந்து எட்டு மாதம், வேலையும் வீடும் அமைந்துவிட்டது, ஆனாலும் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பலவீனம் என்ற சொல்லை முதலில் தூக்கிப் போடுங்கள். அதே சொல்லைச் சொல்லிச் சொல்லியே நான் ஒரு வருடத்தைத் தொலைத்தேன்.

எல்லாம் சரியான பிறகு ஏன் விழுகிறோம்? முதல் சில மாதங்களில் விழுவதற்குக்கூட நேரம் கிடைப்பதில்லை. வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், விசாத் தாள்கள் என்று ஓடுகிறோம். ஓட்டம் நின்றதும் கால் வலி தெரிகிறது. 1955-இல் நார்வே ஆய்வாளர் லிஸ்கார்ட், அமெரிக்கா போய்த் திரும்பிய 200 நார்வேக்காரர்களைப் பற்றி எழுதினார். 6 முதல் 18 மாதம் வரை அங்கிருந்தவர்கள்தான், அதற்குக் குறைவாகவும் கூடுதலாகவும் இருந்தவர்களைவிடச் சிரமப்பட்டிருந்தார்கள். எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்துவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. எனக்குப் பொருந்தியது.

பார்சிலோனா மனநல மருத்துவர் அச்சோதெகி, குடியேறியவருக்கு ஏழு துக்கங்கள் உண்டு என்கிறார்: குடும்பம், மொழி, பண்பாடு, மண், அந்தஸ்து, தன் கூட்டம், உடலுக்கு வரும் ஆபத்து. இதில் அந்தஸ்துதான் என்னை அரித்தது. பத்து வருட அனுபவத்தோடு வந்தவன், என் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆளில்லாத இடத்தில் முதல் படியிலிருந்து தொடங்கினேன். இறந்தவர்களுக்கான துக்கம் மெல்ல ஆறும். இந்தத் துக்கம் ஒவ்வொரு போன் அழைப்பிலும் மறுபடி பச்சையாகிவிடுகிறது.

அந்த அழைப்புகளில் நான் பொய் சொன்னேன். சட்டை மாற்றி, விளக்கைப் போட்டு, "நல்லா இருக்கேன்மா" என்று சிரிப்பேன். வைத்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். வீட்டில் கடன் வாங்கி என்னை அனுப்பியிருக்க, நான் அழலாமா என்ற எண்ணம். நோயைவிட இந்த நடிப்புதான் என்னை அதிகம் தின்றது என்று இன்றும் நம்புகிறேன்.

ஏக்கம் எல்லோருக்கும் வரும், நடுவில் ஒரு நல்ல நாளும் வரும். அந்த நல்ல நாளே வராமல், இரண்டு வாரமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமின்றி, தூக்கமோ பசியோ கெட்டு, வேலையும் தடுமாறினால் மருத்துவரிடம் போக வேண்டும். அது உடல்வலியாகவும் வரலாம். நான் வயிற்றுவலி என்று மூன்று முறை போனேன். நான்காவது முறை மருத்துவர் ஒரு தாளை நீட்டினார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டாலே மேலும் விசாரிப்பார்கள். எனக்கு 19.

மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். உறவினரை அந்த வேலைக்குக் கூட்டிப் போகாதீர்கள், அவர் முன்னால் வாய் வராது. மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்திலேயே நிறுத்திவிடாதீர்கள். பேச்சு சிகிச்சையும் உண்டு. எனக்கு இரண்டும் தேவைப்பட்டன.

அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. உங்களுக்கு அப்படித் தோன்றினால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். இன்றே அவசர எண்ணை அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாலும் சரி. அவர் பெயர்கூடத் தெரியாமல்தான் நானும் ஓர் இரவு தட்டினேன்.