வட்டு வேகச் சோதனையில் ரேண்டம் எண்கள்: மதுரை நண்பர்களுக்குப் பதில்கள்

இலந்தைக்குளம்: நொடிக்கு 5 ஜிபி எழுத வேண்டிய என்விஎம்இ வட்டு, நான் எழுதிய சோதனை நிரலில் 1 ஜிபியைத் தாண்டவில்லை. எட்டு த்ரெட் (ஒரே நிரலில் இணையாக ஓடும் இழைகள்), ஒவ்வொன்றும் ரேண்டம் எண் தரும் ராண்ட் ஃபங்ஷனை அழைத்து பைட் பைட்டாக நிரப்புகிறது. வட்டு பழுதா சார்?

வட்டைப் பழிக்காதீர்கள். லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் ராண்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் பூட்டுப் போடுகிறது. எட்டு த்ரெட்டும் ரேஷன் கடை வரிசைபோல் நிற்கின்றன. அதோடு ஓர் அழைப்புக்குக் கிடைக்கும் 31 பிட்டில் 8 பிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வீசுகிறீர்கள். த்ரெட்டுக்கு ஒன்றாகத் தனி எண் உற்பத்தி நிரலை வையுங்கள். பிளாக்மனும் விக்னாவும் 2018-இல் தந்த ஷோஷிரோ256 போதும்: அது நினைவில் வைத்திருக்கும் நிலை 32 பைட், ஓர் அழைப்புக்குத் தருவது 8 பைட். வட்டில் ஒரே தடவையில் எழுதும் 4096 பைட் துண்டு, அதாவது பிளாக், 512 அழைப்பில் நிரம்பிவிடும்.

எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணாகக் கடிகார நொடியை வைக்காதீர்கள். ஒரே நொடியில் கிளம்பும் த்ரெட்டுகள் ஒரே எண்களைத் தரும். நகல்களை நீக்கும் சேமிப்பகம் ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு உங்களுக்குப் பொய்யான வேகத்தைக் காட்டும்.

மேலூர்: எல்லாம் பூஜ்யமாகவே எழுதினால் என்ன?

சில எஸ்எஸ்டி கட்டுப்படுத்திகள் தரவைச் சுருக்கி எழுதும். பூஜ்யங்களைச் சுருக்கிய வேகத்தைத்தான் அளப்பீர்கள்.

திருநகர்: தரம் வேண்டுமென்றால் மெர்சென் ட்விஸ்டர் என்ற எண் உற்பத்தி நிரல்தானே?

எண் வரிசை திரும்ப வருவதற்குள் ஓடும் சுழற்சியின் நீளம் 2-இன் 19937-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு, உண்மைதான். அதற்காக த்ரெட்டுக்கு இரண்டரை கேபி நிலையைச் சுமக்க வேண்டுமா? சுருங்காத, திரும்ப வராத தரவு கிடைத்தால் நமக்குப் போதும்.

சிம்மக்கல்: அப்படியானால், முந்தைய எண்ணைப் பெருக்கிக் கூட்டி வகுத்த மீதியைத் தரும் பழைய எல்சிஜியே போதுமே!

போதாது. வகுக்கும் எண்ணான மாடுலஸ் இரண்டின் அடுக்காக இருந்தால், முழுச் சுழற்சி எல்சிஜியின் கடைசி பிட் 0, 1, 0, 1 என்றே மாறிக்கொண்டிருக்கும். கீழ் பிட்டுகளை வெட்டி பிளாக் எண் ஆக்கினால் ஒற்றை, இரட்டை என்று முறைவைத்துப் படிப்பீர்கள். அதற்கு ரேண்டம் என்று பெயர் வேறு. மேல் பிட்டுகளை எடுங்கள். ராண்டு (RANDU; மேலே சொன்ன ராண்ட் அல்ல) என்ற பழைய ஐபிஎம் எல்சிஜியில் மும்மூன்றாக எடுத்த எண்கள் வெறும் 15 தளங்களில் அடங்கிவிட்டன என்பதையும் மறக்க வேண்டாம்.

திருநகர்: ஷோஷிரோ குறியாக்கத்துக்கு ஆகாதே!

ஆகாது. இங்கே குறியாக்கத்தை யார் கேட்டார்கள்? வட்டு அளக்கிறோம், வங்கிக் கடவுச்சொல் காக்கவில்லை.

சிம்மக்கல்: திருநகர் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது...

இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

திருமங்கலம்: கடிகார நேரத்தை விதையாக வைக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

வாடிப்பட்டி: விதையாகப் பூஜ்யம்?

ஷோஷிரோ போன்ற எக்ஸார்ஷிஃப்ட் வகையில் நிலை முழுவதும் பூஜ்யமானால் கடைசிவரை பூஜ்யமே வரும். ஸ்ப்ளிட்மிக்ஸ்64 என்ற சிறிய எண் உற்பத்தி நிரல் வழியாக நிலையை நிரப்புங்கள்.

ஒத்தக்கடை: எந்த எஸ்எஸ்டி வாங்கலாம்?

கடைக்காரரைக் கேளுங்கள்.

உசிலம்பட்டி: ஃபியோ என்ற வட்டுச் சோதனைக் கருவியில் 4 டிபி வட்டை 4 கேபி பிளாக்குகளாக ரேண்டம் சோதனை செய்தால் நினைவகம் ஏன் கூடுகிறது?

நல்ல கேள்வி. எந்த பிளாக் முடிந்தது என்று பிளாக்குக்கு ஒரு பிட் குறித்துவைக்கிறது. சுமார் நூறு கோடி பிளாக்குக்கு 120 எம்பிக்கு மேல் ஆகும். பிட்டுகளை நகர்த்தி அடுத்த எண்ணை உண்டாக்கும் எல்எஃப்எஸ்ஆர் முறைக்கு மாற்றுங்கள். அது குறிப்பு இல்லாமலே ஒவ்வோர் இடத்தையும் ஒருமுறை மட்டும் தொடும்.